மேக்னெட்டா, ஃப்ளூயிடா, காற்றா: வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்க எந்த டிரெய்னர்?

நவம்பர் 3 (வாசகர் கேள்வி)

சைக்கிளைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க ஒரு டிரெய்னர் வாங்க வேண்டும். மேக்னெட் (காந்தம்) டிரெய்னர் தண்டம், ஃப்ளூயிட் (எண்ணெய்) வாங்கினால்தான் ரோட்டில் ஓட்டுகிற உணர்வு வரும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். காற்று வகை காதைக் கிழிக்குமாம். கம்ப்யூட்டர் ஆட்டுகிற ஸ்மார்ட் பக்கம் போனால் பர்ஸ் காலி. எதிர்ப்பு, அதாவது மிதியைக் கனமாக்குவது, என்ன வகை என்பதை மட்டும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியுமா? வாரத்தில் சில நாள் வீட்டுக்குள் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 3, இரவு

தண்டம் என்பதெல்லாம் அதிகப்படி. மேக்னெட்டிலேயே வருஷக்கணக்கில் மிதித்துக் கால் தேறியவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில்தான் ஆரம்பித்தேன்.

வகையின் பெயரை விடுங்கள். வேகம் கூடக் கூடப் பவர் எப்படிக் கூடுகிறது என்று மட்டும் பாருங்கள். அந்தக் கோட்டின் வடிவம்தான் விஷயம். 30 கி.மீ. வேகத்தில் 200 வாட் கேட்கிற இரண்டு டிரெய்னர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை 36-க்கு ஏற்றினால் மேக்னெட் (எதிர்ப்பைக் கூட்டும் லீவரைத் தொடாமல் விட்டால்) சுமார் 240 வாட் கேட்கும். காற்று வகை 345 கேட்கும். ரோட்டில் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் இதே கணக்குதான்: வேகம் இரட்டித்தால் 2×2×2, எட்டு மடங்கு பவர். ஃப்ளூயிட் இரண்டுக்கும் நடுவில், காற்றுக்குக் கொஞ்சம் பக்கமாக உட்காரும்.

"ரோடு மாதிரி" என்கிறார்களே, அதில் பாதி இந்த வளைவு. மீதிப் பாதி ஃப்ளைவீல், டிரெய்னரோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம். அதை அப்புறம் எழுதுகிறேன், இன்றைக்குத் தூக்கம் வருகிறது.

நவம்பர் 4

ஃப்ளைவீலுக்கு முன்னால் மேக்னெட்டை முடித்துவிடுகிறேன். ஏன் அது மட்டும் நேர்கோடாக ஏறுகிறது என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

உள்ளே ஓர் உலோகத் தட்டு சுற்றும், பெரும்பாலும் அலுமினியம். அதன் ஓரத்தில் காந்தங்கள். தட்டு காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு ஓடும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது, அது தட்டையே பிடித்து இழுக்கிறது. எங்கேயும் உரசல் இல்லை, தேய்மானமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் லென்ஸ் விதி (பிறக்கும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும்) என்று மனப்பாடம் செய்தது இங்கேதான் காலில் வந்து உட்காருகிறது. மெதுவாகச் சுற்றும்போது இழுப்பு வேகத்தோடு சேர்ந்து கூடும். ஒரு கட்டத்தில் உச்சம் தொடும். அதையும் தாண்டினால் இழுப்பு குறையவே ஆரம்பிக்கும். நாம் மிதிக்கிற வேகம் பெரும்பாலும் அந்த உச்சத்தை ஒட்டிய தட்டையான பகுதியில் விழுகிறது. அங்கே இழுப்பு கிட்டத்தட்ட ஒரே அளவு, அதனால் பவர் வேகத்தோடு நேராக ஏறுகிறது.

ஹேண்டில்பாரில் மாட்டும் லீவர் செய்வது ஒன்றே ஒன்று. ஒயரை இழுத்துக் காந்தங்களைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது, அல்லது தட்டின் மேல் இன்னும் நிறையப் பரப்பை மூட வைக்கிறது. என்னுடையதில் ஒயர் நாள்பட இழுபட்டு, கடைசி இரண்டு லெவலுக்கும் ஒரே இழுப்பு என்றாகிவிட்டது. ஒயரைச் சுருக்கிக் கட்டியதும் சரியாயிற்று. உங்கள் மேக்னெட்டில் "மேல் லெவல் வேலையே செய்யவில்லை" என்றால் காந்தத்தைச் சந்தேகிக்கும் முன் ஒயரைப் பாருங்கள்.

நவம்பர் 4, பிறகு

காற்று வகையின் சத்தம் பற்றி: ஆமாம், மிக்ஸி ஓடுகிற மாதிரிதான் இருக்கும். விசிறி வேகத்தோடு சத்தமும் ஏறும். தனி வீடு, தனி அறை இருப்பவர் யோசிக்கலாம். விலை குறைவு, உச்ச வரம்பு இல்லை, எவ்வளவு ஆவேசமாக மிதித்தாலும் அது திருப்பிக் கொடுக்கும். அந்த விசிறிக் காற்று மிதிப்பவர் மேல் படாது என்பதுதான் அதில் இருக்கும் நகைச்சுவை.

நவம்பர் 6

ஃப்ளூயிடைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். (நிஜமாகத் திறக்காதீர்கள், எண்ணெய் கொட்டும்.)

மூடிய குடுவைக்குள் சிலிக்கோன் எண்ணெய், நடுவில் துடுப்பு வைத்த சக்கரம். வேகமாகச் சுற்றினால் எண்ணெயைக் கலக்க அதிகப் பவர் வேண்டும். லீவர் கிடையாது, ஒயர் கிடையாது. கியரை மாற்றினால் எதிர்ப்பு மாறும், ரோட்டில் போலவே. கர்ட் கைனெட்டிக் நிறுவனம் தன் ஃப்ளூயிட் டிரெய்னரின் கணக்கை வெளிப்படையாகவே கொடுத்திருந்தது. அதில் ஒரு பகுதி வேகத்தோடு நேராக ஏறும், இன்னொரு பகுதி வேகத்தை மூன்று முறை பெருக்கி ஏறும். இரண்டையும் கூட்டினால் மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ., வேகத்தில் சுமார் 258 வாட் வரும். பவர் மீட்டர் இல்லாதவருக்கு இது பெரிய வரம். சக்கரத்தில் ஒரு வேக சென்சார் இருந்தால் போதும், வாட் கணக்கு ஓரளவு கைக்கு வந்துவிடும்.

"ஓரளவு" என்று சொல்வதற்குக் காரணம் சூடு. நீங்கள் கொடுக்கிற 200 வாட்டில் பெரும்பகுதி அந்தச் சின்னக் குடுவைக்குள் வெப்பமாகிறது. எண்ணெய் சூடானால் இளகும், இளகினால் எதிர்ப்பு குறையும். சிலிக்கோனைத் தேர்ந்தெடுத்ததே சாதாரண எண்ணெய் அளவுக்கு அது இளகாது என்பதால்தான், ஆனாலும் மாற்றம் இருக்கவே செய்யும். ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் லேசாக மிதித்து உடம்பையும் எண்ணெயையும் ஒன்றாகச் சூடேற்றிவிட்டு, அதற்கப்புறம் வரும் வாட் கணக்கை நம்புங்கள்.

அடுத்தது கசிவு. தண்டு குடுவைக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சீல் தேய்ந்தால் எண்ணெய் வழியும். கர்ட் கைனெட்டிக் அந்த ஓட்டையையே வைக்கவில்லை. வெளியே ஒரு காந்தம், உள்ளே ஒரு காந்தம், நடுவே மூடிய சுவர், வெளிக் காந்தம் சுற்றினால் உள்ளே துடுப்பு சுற்றும். ஃப்ளூயிட் டிரெய்னரிலும் காந்தம் இருக்கிறது என்று மேக்னெட் கட்சிக்காரர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் 7

நேற்று "கியரை மாற்றினால் எதிர்ப்பு மாறும்" என்று எழுதியதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. காலையில் மிதிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

கேடன்ஸ் (நிமிஷத்துக்குப் பெடல் எத்தனை சுற்று) 90-இல் 200 வாட். பின்பக்கம் 17 பல்லில் இருந்து 15-க்குத் தட்டுகிறீர்கள். சக்கர வேகம் 13 சதவீதம் கூடும். மேக்னெட்டில் அது 227 வாட். காற்று வகையில் 290-க்கு மேல். ஃப்ளூயிட் கொஞ்சம் குறைவு, இருந்தாலும் பெரிய தாவல்தான். உங்களுக்கு வேண்டியது 250 என்றால்? ஒரு கியரில் கால் சும்மா சுற்றும், அடுத்ததில் நாக்குத் தள்ளும். நடுவில் நிற்கக் கேடன்ஸை மாற்றித்தான் சமாளிக்க வேண்டும். 15-க்கும் 17-க்கும் நடுவே 16 பல் இருக்கிற கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) என்றால் இந்தத் தலைவலி பாதி குறையும். மலைக்காக அகலமான கேசட் போட்டிருப்பவர்கள் ஃப்ளூயிடில் இதை நன்றாக உணர்வார்கள்.

மேக்னெட்டின் நேர்கோடு குறை என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். குறிப்பிட்ட பவரில் இருபது நிமிஷம் அசையாமல் நிற்க அந்த நேர்கோடுதான் வசதி. கேடன்ஸ் கொஞ்சம் ஆடினாலும் வாட் பெரிதாக ஆடாது.

நவம்பர் 7, இரவு

"ஸ்பிரிண்ட் பயிற்சிக்கு மேக்னெட் ஆகுமா?" ஆகாது. கடைசி லெவல், கடைசி கியர், அதற்கு மேல் கால் மட்டும் காற்றாடியாகச் சுற்றும்.

நவம்பர் 11

ஃப்ளைவீல். கடன் பாக்கி.

ரோட்டில் நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 30 கி.மீ. வேகத்தில் உங்களிடம் சுமார் 2,800 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பெடல் மேலேயும் கீழேயும் செத்த புள்ளியைக் கடக்கும் அந்தக் கணத்தில் கால் விசை தராவிட்டாலும் வண்டி ஓடிக்கொண்டே இருப்பது இதனால்தான். டிரெய்னரில் நீங்கள் நகர்வதே இல்லை. அந்த ஆற்றலை யாராவது சேமித்துவைக்க வேண்டும், அதுதான் ஃப்ளைவீல். லேசான ஃப்ளைவீல் என்றால் ஒவ்வொரு மிதியும் தனித்தனியாகத் தட்டுப்படும், மிதிப்பதை விட்ட உடனே சக்கரம் நின்றுவிடும்.

மலிவான மேக்னெட்டை மிதித்துவிட்டு "மேக்னெட்டே மோசம்" என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் திட்டுவது காந்தத்தை அல்ல, கூட வந்த சின்ன ஃப்ளைவீலை. நல்ல கனமான ஃப்ளைவீல் போட்ட மேக்னெட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும். வாங்கும்போது எதிர்ப்பு வகையைக் கேட்கும் அதே மூச்சில் ஃப்ளைவீல் எடையையும் கேளுங்கள். பெடலை நிறுத்தியபின் பின்சக்கரம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கனம் கூடினால் எல்லாவற்றுக்கும் நல்லது என்றும் முடிவு கட்ட வேண்டாம். ஏற்றத்தில் 10 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்த 2,800 ஜூல் 310 ஆகிவிடுகிறது, ஒன்பதில் ஒரு பங்கு. அங்கே செத்த புள்ளியைக் கால்தான் இழுத்துத் தாண்ட வேண்டும். சமவெளி வேகத்தில் சுழலும் பெரிய ஃப்ளைவீலில் மாதக்கணக்காக மிதித்துவிட்டு மலைக்குப் போனால், அதே வாட்டில் தொடை வேறு இடத்தில் வலிக்கும். அதற்கு முன்பக்கம் சின்னச் சங்கிலிச் சக்கரத்துக்கு இறங்கினால் போதும். 50×15-க்குப் (முன்பக்கம் 50 பல், பின்பக்கம் 15) பதில் 34×17 போட்டால் அதே கேடன்ஸில் ஃப்ளைவீல் வேகம் ஐந்தில் மூன்று பங்காகும், அதில் சேரும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். மிதி உடனே கரடுமுரடாகும். ஆனால் சாதா மேக்னெட்டிலும் ஃப்ளூயிடிலும் இப்படி இறங்கினால் வாட்டும் கூடவே விழுந்துவிடும். வாட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் இறக்க ஸ்மார்ட் வேண்டும்.

நவம்பர் 12

ரோலரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கிறார்கள். மூன்று உருளை, எதிலும் பூட்டாமல் மேலே ஓட்டுவது. கட்டுப்பாடு வரும், மிதி வட்டமாகும், விழுந்தால் அடி படும். எதிர்ப்பு பொதுவாகக் குறைவு, காந்தம் வைத்தவையும் உண்டு. போனில் படம் பார்த்துக்கொண்டே மிதிக்கலாம் என்று நினைப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். என் கருத்து அவ்வளவுதான், ரோலர் பக்தர்கள் மன்னிக்கவும்.

நவம்பர் 19

ஸ்மார்ட்.

இதைத் தனி வகை எதிர்ப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலானவற்றில் அடிப்படை அதே சுழல் மின்னோட்டம்தான். நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தம், லீவருக்குப் பதில் கம்ப்யூட்டர், அவ்வளவே வித்தியாசம். சுருளில் ஓடும் மின்சாரத்தை நொடிக்குப் பல முறை கூட்டிக் குறைத்து எந்த வளைவை வேண்டுமானாலும் போலியாக வரைந்துவிடும். நேர்கோடா, எட்டு மடங்கா, 6 சதவீத ஏற்றமா, சொன்னால் போதும். இந்த யோசனை புதிதும் இல்லை. ரேசர்மேட் நிறுவனத்தின் கம்ப்யூட்ரெய்னர் 1980களிலேயே கம்ப்யூட்டரை வைத்து எதிர்ப்பை ஆட்டியது. 2012-இல் வாஹூவின் கிக்கர் வந்தபின், பின்சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டுவதும், ஆப் வழியாக ஆட்டுவதும் பரவலாயின. டேக்ஸ் நியோ இன்னும் ஒரு படி மேலே. அதில் மோட்டாரே பிரேக், ஃப்ளைவீலின் நிலைமத்தையும் மின்சாரமே நடிக்கிறது, சுவரில் பிளக் சொருகாமலும் ஓடும்.

ஸ்மார்ட்டில் உங்களுக்குக் கிடைப்பது முக்கியமாக எர்க் மோட். 220 வாட் என்று சொல்லிவிட்டால் நீங்கள் எந்த கியரில், எந்தக் கேடன்ஸில் மிதித்தாலும் அது 220-ஐயே பிடித்துவைக்கும். நவம்பர் 7-இல் புலம்பினேனே, 200-க்கும் 290-க்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் கதை, அது இங்கே காணாமல் போகும்.

ஒரு எச்சரிக்கை. டயரோடு உரசும் மலிவான ஸ்மார்ட்டுகளில், சக்கரம் மெதுவாகச் சுற்றினால் எதிர்ப்புக்கு வலு போதாது. பெட்டியில் என்ன சதவீத ஏற்றம் போட்டிருந்தாலும் சரி. காரணம் நவம்பர் 4-இல் இருக்கிறது: மெதுவான வேகத்தில் சுழல் மின்னோட்டத்தின் இழுப்பு குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் சின்ன கியரில் மெல்ல மிதித்தால் டிரெய்னர் கையை விரித்துவிடும். அங்கே பெரிய கியர் போட்டுச் சக்கரத்தைச் சுழற்றினால்தான் அது பிடிக்கும்.

நவம்பர் 20

எர்க்கை ரொம்பவும் புகழ்ந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அதன் மறுபக்கம் இது.

பவர் என்பது பெடல் மேல் விழும் திருப்புவிசையும் கேடன்ஸும் சேர்ந்தது. 250 வாட்டை 90 கேடன்ஸில் மிதித்தால் சுமார் 26.5 நியூட்டன் மீட்டர். களைத்துப் போய்க் கேடன்ஸ் 60-க்கு விழுந்தால் எர்க் விடாது, அதே 250-க்காக விசையை 40-க்குக் கொண்டுபோகும். இன்னும் களைப்பீர்கள், கேடன்ஸ் இன்னும் விழும், விசை இன்னும் ஏறும், கடைசியில் பெடல் நின்றே போகும். தப்பிக்க வழி, இன்டர்வெல் (கொஞ்ச நேரம் கடுமையாக மிதிக்கும் சுற்று) தொடங்க ஐந்து நொடி முன்பே கேடன்ஸைத் தூக்கி வைத்துக்கொள்வது. மாட்டிக்கொண்டால் மிதிப்பதை நிறுத்தி, அது தளர்ந்தபின் மெல்லத் தொடங்குவது. மல்லுக்கட்டி ஜெயித்தவர்கள் இல்லை.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. எர்க்கிலேயே பழகினால் பவரைக் காலால் அளக்கும் புத்தி மழுங்குகிறது. ரோட்டில் 220 என்பது எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டாமா? வாரத்தில் ஒரு நாளாவது எர்க்கை அணைத்துவிட்டு கியரில் மிதிக்கிறேன்.

நவம்பர் 27

டைரக்ட் டிரைவ் என்பது எதிர்ப்பு வகை அல்ல. இதை ஒருவர் குழப்பிக்கொண்டு நீளமாக எழுதியிருந்ததால் தனியாகச் சொல்கிறேன். டயர் மேல் உருளை உரசுவதா, சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிரெய்னரில் இருக்கும் கேசட்டில் செயினை மாட்டுவதா என்பது ஒரு கேள்வி. காந்தமா எண்ணெயா காற்றா என்பது வேறு கேள்வி. லெமாண்ட் ரெவல்யூஷன் என்று ஒன்று இருந்தது. டைரக்ட் டிரைவ், ஆனால் உள்ளே விசிறி. எதிர்ப்பில் ரோட்டுக்கு நெருக்கம், சத்தத்தில் பக்கத்து வீட்டுக்கும் நெருக்கம்.

டயர் வகையில் எதிர்ப்பின் ஒரு பங்கு டயரிலேயே போகிறது. காற்று அழுத்தம் குறைந்தாலோ, உருளையை அரைத் திருகு கூடுதலாக இறுக்கினாலோ நேற்றைய 200 வாட் இன்றைக்கு அதே 200 அல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம், திருகுக்கு ஒரே சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கம் போதாவிட்டால் ஸ்பிரிண்டில் டயர் வழுக்கும், உருளைக்குக் கீழே கறுப்பு மாவாக ரப்பர் உதிர்ந்து கிடக்கும். துடைத்தால் விரல் ரேகை வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். இதற்கென்றே கெட்டி ரப்பரில் டிரெய்னர் டயர் வருகிறது, அதைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போகாதீர்கள், ஈரத்தில் பிடிக்காது.

டிசம்பர் 2

பேச்சு வேறு எங்கோ போகிறது, போகட்டும். எந்த வகை வாங்கினாலும் உங்களுக்கு வேர்க்கும், அது மட்டும் உறுதி.

உடம்பு எரிக்கும் ஆற்றலில் பெடலுக்குப் போவது 20 முதல் 25 சதவீதம். 200 வாட் மிதிக்கும்போது 600 முதல் 800 வாட் வெப்பமாக உடம்பில் இருந்து வெளியேற வேண்டும். டிரெய்னர் வாங்கிக்கொண்ட அந்த 200-ம் கடைசியில் வெப்பமாகி அதே அறைக்குள்தான் வருகிறது. ஆக மூடிய அறையில் ஒரு ஹீட்டரைப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். ரோட்டில் 30 கி.மீ. காற்று முகத்தில் அடிக்கும், இங்கே அது இல்லை. பெரிய மின்விசிறி ஒன்றை நெஞ்சுக்கு நேராக வைத்த அன்றே, அதே நாடித்துடிப்பில் எனக்குக் கூடுதல் வாட் வந்தது. டிரெய்னரை மாற்றியபோது வராத முன்னேற்றம் அது.

வேர்வை விழும் இடம் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்), ஹெட்செட் (அதற்குக் கீழே இருக்கும் பேரிங்), கேபிள் முனை. ஸ்டெம் போல்ட்டின் ஆறுமூலைக் குழிக்குள் வேர்வை தேங்கி உப்புப் பூத்து நிற்பதைப் பார்த்தபின் ஹேண்டில்பாரில் துண்டு இல்லாமல் ஏறுவதில்லை.

சூட்டைப் பேசும்போதே இதையும் சேர்க்கிறேன். எண்ணெய் மட்டுமல்ல, மேக்னெட்டின் அலுமினியத் தட்டும் சூடாகும். அலுமினியத்தின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் போலக் கூடும், மின்தடை கூடினால் அதே வேகத்தில் ஓடும் சுழல் மின்னோட்டம் குறையும். நவம்பர் 4-இல் போட்ட நேர்கோடு சூட்டில் லேசாக நகரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடேற்றும் நேரம் எல்லா வகைக்கும் பொதுவானது.

டிசம்பர் 15

"இவ்வளவு எழுதினீர்கள், எதை வாங்க என்று சொல்லவில்லையே" என்று கேள்வி கேட்டவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். நியாயம்தான்.

வாரத்தில் சில நாள், ஒரே சீராக ஒரு மணி நேரம் மிதித்து உடம்பைப் பழக்கத்தில் வைத்தால் போதும் என்பவருக்குக் கனமான ஃப்ளைவீல் உள்ள மேக்னெட் தாராளம். பவர் மீட்டர் இல்லை, ஆனால் ஏற்ற இறக்கமாக மிதித்து வாட்டும் தெரிய வேண்டும் என்றால் ஃப்ளூயிட், கூட ஒரு வேக சென்சார். திட்டம் போட்டு இன்டர்வெல் செய்கிறவர், அல்லது ஸ்விஃப்ட் மாதிரி திரையில் ரோட்டைக் காட்டும் ஆப்பில் ஏற்ற இறக்கம் காலில் தெரிய வேண்டும் என்பவர் ஸ்மார்ட்டுக்குக் காசு சேர்க்கட்டும், முடிந்தால் டைரக்ட் டிரைவாக. சத்தமும் ரப்பர் மாவும் ஒழியும். காற்று வகையை இன்றைக்கு யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், பழசு சும்மா கிடைத்தால் ஒழிய. உங்கள் தேவைக்கு என் ஓட்டு மேக்னெட். ஃப்ளூயிட் என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது எழுத்திலேயே தெரிகிறது, அதுவும் மோசமில்லை.

டிசம்பர் 16

ஸ்விஃப்ட் பற்றிக் கேட்டவருக்கு: அதில் டிரெய்னர் டிஃபிகல்ட்டி என்ற அமைப்பு 50 சதவீதத்தில்தான் வரும். 8 சதவீத ஏற்றம் காலுக்கு 4 போலத் தெரியும். அதனால் ஏமாற்று வேலை எதுவும் நடக்காது, மேலே ஏறத் தேவையான வாட் அதேதான், கியரை மாற்றும் அவசியம்தான் குறைகிறது. மலைக்குத் தயாராகிறவர் 100-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

ஜனவரி 9

கேள்வி கேட்டவர் கடைசியில் பழைய ஃப்ளூயிட் ஒன்று பார்த்திருக்கிறாராம், எதைச் சோதிக்க என்று கேட்கிறார். சொன்னேனில்லையா.

குடுவைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டு, உங்கள் சைக்கிளையே மாட்டிக் கால் மணி நேரம் மிதியுங்கள். தாளில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் வேண்டாம். சூடானபின் சட்டென்று மிதி லேசாகிவிட்டால் உள்ளே எண்ணெய் குறைந்திருக்கிறது, அதுவும் வேண்டாம். பெடலை விட்டதும் உருளையில் கரகரப்பு கேட்டால் பேரிங். விலையைக் குறைத்துக் கேளுங்கள், மாற்றிக்கொள்ளலாம். பின்சக்கரத்தில் குவிக் ரிலீஸ் (கையால் மடக்கிப் பூட்டுவது) என்றால் டிரெய்னருக்கான இரும்பு ஸ்கியூவர் (சக்கரத்தின் நடுவே நுழையும் மெல்லிய தண்டு) கூட வருகிறதா என்று கேளுங்கள். சாதாரண ஸ்கியூவரின் நட்டு அந்தக் கவ்வியில் ஒழுங்காக உட்காராது. த்ரூ ஆக்சில் (தடிமனான திருகுத் தண்டு) சைக்கிள் என்றால் 12×142 மி.மீ.-ஆ, 12×148-ஆ என்று அளந்துகொண்டு, அதற்கான ஆக்சில் கிடைத்த பிறகு காசை நீட்டுங்கள்.